நாள்கணக்கு: காசிமேட்டுத் தொழிலாளி ஒருவரின் கடைசி பத்து நாள்கள்

வடசென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், அண்மை ஆண்டுகளில் ஒரு ஜூன் மாதம் நடந்தது இது. அந்த வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். இறந்தவரின் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன். மருத்துவத்தில் புதுமை என்று இதில் ஒன்றும் இல்லை. கொடுத்த மருந்தெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நாங்கள் எதைக் கேட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம், தெரிந்தும் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதைத்தான் பதிவு செய்ய நினைக்கிறேன்.

பின்னணி

அவருக்கு 56 வயது. இளமையில் விசைப்படகில் கடலுக்குப் போனவர். முதுகு ஒத்துழைக்காமல் போனபிறகு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. புகையிலையும் பாக்கும் கலந்த மாவா போடும் பழக்கம் இருபது வருடத்துக்கு மேல். வலது கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஒன்றரை வருடம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தது. இந்த முறை கன்னத்தைத் துளைத்து வெளியே புண்ணாகி, கழுத்து வரை இறங்கியிருந்தது. இனி நோயைக் குறைக்கும் சிகிச்சைக்கு இடமில்லை என்று சிகிச்சை பெற்ற இடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 8 மாலை எங்களிடம் சேர்க்கப்பட்டபோது எடை 41 கிலோ. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். மூன்று வாரமாக மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சியும் பாலும். பேச்சு குழறும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் புரியும். கூட மனைவியும் மூத்த மகனும். மகன் விசைப்படகுத் தொழிலாளி. மகள் கல்யாணமாகி எண்ணூரில் இருந்தார்.

முதல் இரண்டு நாள்: ‘அமைதியாக’ இருந்த நோயாளி

எட்டாம் தேதி மாலையிலிருந்து பத்தாம் தேதி மாலை வரை மூன்று ஷிஃப்ட்டுகளிலும் ரிப்போர்ட் புக்கில் இருந்தது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: நோயாளி அமைதியாக இருக்கிறார், புகார் எதுவும் இல்லை. அதில் ஒரு பதிவு என் கையெழுத்து.

வலிக்கு டிரமடால் ஊசி எழுதப்பட்டிருந்தது, ஆனால் ‘எஸ்ஓஎஸ்’ என்று. அதாவது தேவைப்பட்டால் போடலாம். நடைமுறையில் அதற்கு நோயாளி கேட்டால் போடு என்று அர்த்தமாகிவிடுகிறது. 40 படுக்கை உள்ள வார்டில், இரவில் இரண்டு நர்ஸ் இருக்கும்போது, கேட்பவருக்குத்தான் கை போகும். இவர் கேட்கவே இல்லை. 48 மணி நேரத்தில் ஒரே ஒரு ஊசிதான் போயிருக்கிறது, அதுவும் மனைவி வந்து சொன்னதால்.

நாங்கள் கேட்காமல் இல்லை. ரவுண்டு போகும்போது ஒவ்வொருவரும் “வலி இருக்காண்ணா?” என்று கேட்டோம். அவரும் ஒவ்வொரு முறையும் கையை ஆட்டி “ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்றார். ஆனால் சார்ட்டில் நாடி 110க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, ரத்தப்போக்கு இல்லை. அந்த எண்ணை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிய நாங்களே அதைப் படிக்கவில்லை.

ஜூன் 10, இரவு 2.30

அன்று எனக்கு நைட் டியூட்டி. வேறொருவருக்கு டிரிப் மாற்றப் போனபோது பார்த்தேன். அவர் படுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, லாக்கர் மேல் தலையணையை வைத்து, இடது கன்னத்தை அதில் சாய்த்திருந்தார். ஒரு கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடி.

வலிக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் வேறு மாதிரி கேட்டேன். “எப்பத்துலேர்ந்து இப்படி உக்காந்திருக்கீங்க?” பத்து மணியிலிருந்து என்று விரலில் காட்டினார். “நேத்து?” நேற்றும். “எப்படி வச்சா கொஞ்சம் தேவல?” அப்போதுதான் பேசினார். படுத்தால் கழுத்தில் இழுக்கிறது, காதுக்குள் குத்துகிறது, இப்படிச் சாய்ந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அதாவது சேர்ந்த நாளிலிருந்து அவர் தூங்கவே இல்லை.

பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொல்லும் அளவுகோல் எங்களிடம் உண்டு. அவருக்கு அது பிடிபடவில்லை. “தூக்கற ஐஸ் மாதிரி வச்சுக்குங்க, இப்ப எவ்ளோ?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “முழு பாரு.” பார் என்றால் ஒரு பெரிய ஐஸ் கட்டி. ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது “முக்கா பாரு” என்றார். அன்றிலிருந்து அவருடைய சார்ட்டில் வலி முழு, முக்கால், அரை, கால் என்றுதான் எழுதப்பட்டது. காலையில் பிஜி (மேற்படிப்பு) டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

கயிறு

பதினொன்றாம் தேதி யூனிட் சீஃப், அபினிலிருந்து எடுக்கப்படும் வலுவான வலிமருந்தான மார்ஃபினைத் தொடங்க முடிவு செய்தார். காரணம் தெளிவாக இருந்தது. டிரமடால் போதவில்லை, வலி நாள் முழுக்க இருக்கிறது, ஆகவே கேட்டால் என்றில்லாமல் கடிகாரப்படி கொடுக்க வேண்டும்.

இந்த மருந்தைப் பற்றி வெளியே மட்டுமல்ல, மருத்துவமனைக்குள்ளேயே பயம் அதிகம். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை டாக்டர்களும் நர்ஸ்களும் அதைக் கையாளாமலேயே படித்து வந்தோம். 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடைமுறை எளிதாயிற்று. எங்கள் வார்டில் மாத்திரை இரட்டைப் பூட்டு அலமாரியில் இருக்கும். எடுக்கும்போது எண்ணி, பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். தொந்தரவுதான், ஆனால் முடியாத காரியம் இல்லை.

தடை வந்தது நோயாளியிடமிருந்து. டாக்டர் விளக்கியதும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கேட்டுப் பார்த்தோம், மனைவி கெஞ்சினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேஸ் ஷீட்டில் ‘நோயாளி மறுக்கிறார்’ என்று எழுதியாயிற்று. அதோடு விட்டிருந்தால் சட்டப்படி எங்கள் மீது தவறில்லை.

மத்தியானம் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தயங்கி, அப்புறம் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்கு முன்னால், குடியை விடுவதாகத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னதியில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. இவ்வளவு வலியிலும் யாரோ வாங்கி வந்த குவார்ட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். டாக்டர் விளக்கும்போது “கொஞ்சம் போதை மாதிரி இருக்கும், பயப்படாதீங்க” என்றிருக்கிறார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அதுதான் கதவைச் சாத்திவிட்டது.

அவருடைய மணிக்கட்டில் கறுத்துப்போன கயிறு ஒன்று இருந்தது. மூன்று நாளாக நான் அந்தக் கையில்தான் நாடி பார்த்தேன்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “கயிறு கட்டும்போது என்ன சொல்லிக் கட்டினீங்க?” என்று கேட்டேன். “குடிக்க மாட்டேன்னு.” “மருந்தையும் சேத்துச் சொன்னீங்களா?” பதில் இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. இந்த மருந்து வலியைத் தின்றதுபோக மிச்சம் இருந்தால்தான் மயக்கும், முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வரும், அப்புறம் தெளியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மனைவி அன்றே திருவொற்றியூர் போய்க் குங்குமம் வாங்கி வந்தார். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. இரவு எட்டரை மணிக்கு, நெற்றியில் குங்குமத்தோடு, குழாயைக் காட்டி ஊற்றச் சொன்னார்.

இங்கே ஒரு சின்னத் திசைதிருப்பல். நர்ஸாகப் பயிற்சி பெற்று, பிறகு சமூகப் பணியாளராகி, அதன்பிறகு டாக்டருக்குப் படித்தவர் சிசிலி சாண்டர்ஸ். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் கலந்ததுதான் நோயாளியின் வலி என்றார். ‘மொத்த வலி’ என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். கயிற்றைப் பார்த்தும் கேட்காதது அந்தப் பாடத்தில் தோற்றதுதான்.

மருந்தும் அதன் கணக்கும்

அரை மாத்திரை, அதாவது 5 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு அரை மாத்திரை. குழாய் வழியாகப் போவதால் பொடித்துக் கரைத்துக் கொடுத்தோம். சாதாரண மாத்திரையை மட்டும்தான் இப்படிப் பொடிக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும், ஆபத்து. மலச்சிக்கல் தவறாமல் வரும் என்பதால் மலமிளக்கியும் அதே நாளில் எழுதப்பட்டது.

பன்னிரண்டாம் தேதி அவர் காலையிலும் தூங்கினார், மத்தியானமும் தூங்கினார். மனைவி பயந்துபோய், “எழுந்திருக்கவே மாட்டேங்குறாரு, ஊசி ஜாஸ்தியாயிடுச்சா?” என்று ஓடி வந்தார். மூச்சு நிமிடத்துக்கு 16, கூப்பிட்டால் கண் திறக்கிறார். மூன்று இரவுத் தூக்கத்தை ஈடுகட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவரிடம் சொன்ன நான், மனைவியிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தப் பதற்றம் நாங்கள் கொடுத்தது.

அன்று இடைடோஸ் நான்கு முறை தேவைப்பட்டதால் அடுத்த நாள் ஒவ்வொரு வேளையும் 10 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. அதன் பிறகு சார்ட்டில் ‘கால் பார்’ வரத் தொடங்கியது. நாடி 92.

வாடை

இதைப் பற்றி எழுத யாருக்கும் பிடிப்பதில்லை. புண்ணின் வாடையால் பக்கத்துக் கட்டில்காரர்களின் அட்டெண்டர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் சண்டைக்கே வந்தார். நோயாளியை வராந்தாப் பக்கம் கடைசிக் கட்டிலுக்கு மாற்றியிருந்தோம். காற்றோட்டம் என்று காரணம் சொன்னோம். அவருக்குக் காரணம் தெரியும். யார் பக்கத்தில் வந்தாலும் துண்டால் கன்னத்தை மூடிக்கொள்வார்.

தினம் இரண்டு வேளை சலைன் ஊற்றி நனைத்து, பிய்க்காமல் பழைய கட்டை எடுத்து, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, மெதுவாகக் கட்டுப்போட்டோம். கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் இடைடோஸ். மூன்றாம் நாள் வாடை பாதிக்கு மேல் குறைந்தது. மலிவான மாத்திரை, எந்த வார்டிலும் இருப்பது. சேர்ந்த அன்றே தொடங்கியிருக்கலாம்.

பதினான்காம் தேதி பேத்தி வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அவர் துண்டால் கன்னத்தை மூடிக்கொள்ளவில்லை.

‘ஏன் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறார்கள்?’

வார்டில் இப்படியொரு பேச்சு ஓடியது. வழக்கமாக எங்கள் பகுதியில் நேர் எதிராக நடக்கும். முடியாது என்று தெரிந்ததும் ஏஎம்ஏ, அதாவது டாக்டர் ஆலோசனையை மீறிக் கூட்டிப்போகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இவர்கள் டிஸ்சார்ஜ் பேச்சை எடுத்தாலே விலகிப்போனார்கள். பாரத்தை ஆஸ்பத்திரியில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் வாய்விட்டே சொன்னார். நானும் மறுக்கவில்லை.

விஷயம் வேறு. ராயபுரத்துச் சந்தில் ஒற்றை அறை வாடகை வீடு. வீட்டில் சாவு விழக்கூடாது என்று ஓனரம்மா சொல்லிவிட்டார். விழுந்தால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். “இன்னா பண்றது சிஸ்டர், இருக்கறது அந்த ஒரு ரூமுதான்” என்றார் மனைவி. இதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். மருத்துவமனையிலேயே இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தது அவரே. “நான் போனப்பறம் உன்ன நடுத்தெருல நிறுத்த மாட்டேன்” என்றாராம்.

அதாவது அவருக்கு எல்லாம் தெரியும். மகனும் மகளும் “நைனாவுக்குத் தெரியக்கூடாது” என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். நாங்களும் அவர் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தோம். அவர் அதற்கு முன்பே வீட்டு வாடகை வரை யோசித்து முடித்திருந்தார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே நர்ஸ் வந்து வலிநிவாரணப் பராமரிப்பு தருவது உண்டு. கட்டு மாற்றுவது, குழாய் பார்ப்பது எல்லாம் அதில் முடியும். ஓனரம்மாவின் மனதை மாற்றத் திட்டம் இல்லை. எனவே எடுத்த முடிவு இது: இவர் எங்கள் வார்டிலேயே இருப்பார், இனி டிஸ்சார்ஜ் என்ற வார்த்தையை யாரும் எடுக்கக்கூடாது. ஆண்கள் வார்டில் இரவு பெண் அட்டெண்டர் தங்கக்கூடாது என்ற விதி உண்டு. ஹெட் நர்ஸ் அதைத் தளர்த்தினார். வார்டில் இருந்த ஒரே ஸ்கிரீனைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, மனைவியை உள்ளே தங்கவிட்டோம்.

ஜூன் 14

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் கிளம்பும். இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீடுகளுக்கு முதல் பயணம் எவ்வளவு முக்கியம் என்பது இந்தப் பகுதியில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். மகன் படகு முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். போனால் திரும்ப எட்டு, பத்து நாள்.

பகல் ஒன்றரை மணி. நான் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும்போது படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். “சிஸ்டர், நான் போய்ட்டு வரலாமா?”

“டாக்டரைக் கேளுங்க தம்பி. சீரியஸ்தான்” என்றேன்.

அவர் டாக்டரையும் கேட்டிருக்கிறார். “சீரியஸ்தான், எதுவும் சொல்ல முடியாது.” எட்டு மாதமாக எல்லா மருத்துவமனையிலும் அந்தக் குடும்பம் கேட்டு வந்த அதே வார்த்தை. அதிலும் மூன்று நாளாக அப்பா தூங்குகிறார், பேத்தியைப் பார்த்துச் சிரித்தார், வலி குறைந்திருக்கிறது. மகன் கண்ணுக்கு அது தேறுவதாகத்தான் தெரிந்திருக்கும். இரவு படகு ஏறினார்.

அன்று எனக்கு என்ன தெரியும்? சார்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அதே பதில்தான். பத்தாம் தேதி நடந்து கழிப்பறை போனவர், பன்னிரண்டில் பிடித்துக்கொண்டு எழுந்தார், பதினான்கில் கட்டிலோடு. சிறுநீர் நாளுக்கு நாள் பாதியானது. குழாயில் 200 மில்லி கஞ்சி இறங்கிய இடத்தில் 50 மில்லிக்கே போதும் என்கிறார். இந்தத் துறையில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரக்கணக்கு, நாளுக்கு நாள் தெரிந்தால் நாள்கணக்கு. அது துல்லியமானதல்ல, ஆனால் ‘சீரியஸ்’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

ஏன் சொல்லவில்லை? ஆயுளைப் பற்றிப் பேசுவது டாக்டர் வேலை என்ற பழக்கம் ஒன்று. நான் சொல்லி அவர் பயணத்தை நிறுத்தி, நோயாளி மூன்று வாரம் இருந்துவிட்டால் “சிஸ்டர் சொல்லித்தான் போகல” என்று வருமே என்ற பயம் இன்னொன்று. டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாவது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடர்நிறத் துண்டுகள்

பதினைந்தாம் தேதி காலை கட்டு மாற்றும்போது புண்ணின் கழுத்துப் பக்கத்திலிருந்து ரத்தம் கசிந்தது. அட்ரினலின் நனைத்த காஸை அழுத்திப் பிடித்ததில் பத்து நிமிடத்தில் நின்றது. இப்படிச் சின்னதாக வருவது பெரிதாக வரப்போவதன் எச்சரிக்கையாக இருக்கலாம். கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அரிக்கப்பட்டு உடைந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அன்று சீஃப் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து, இந்த முறை தெளிவாகவே பேசினார். என்ன வரலாம், வந்தால் என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதோ, வென்டிலேட்டரோ வேண்டாம் என்று முடிவாகி, கேஸ் ஷீட்டில் காரணத்தோடு எழுதப்பட்டது. இப்படிப்பட்ட முடிவை எப்படி எடுத்து எப்படிப் பதிவது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது கேஸ் ஷீட்டில் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஹெட் நர்ஸ் சிவப்பு மையில் குறித்தார். நடுராத்திரி வரும் புது டியூட்டி டாக்டர் பின்பக்கத்தைப் புரட்டமாட்டார்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் கையுறை, பதற்றம் தணித்துத் தூங்கவைக்கும் மிடசோலம் ஊசி ஏற்றத் தேவையானவை, அடர்நிறத் துண்டுகள். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்ப்பவர் கண்ணைவிட்டு வாழ்நாளுக்கும் போகாது. கரும்பச்சையோ மெரூனோ அந்தக் காட்சியைப் பாதி மறைக்கும். மருத்துவமனையில் வெள்ளைதான் இருந்தது. மகள் வண்ணாரப்பேட்டையிலிருந்து நாலு மெரூன் துண்டு வாங்கி வந்தார். கடைசியில் அந்தத் துண்டுகளுக்கு வேலை வரவில்லை.

பால்

பதினாறாம் தேதி குழாயில் ஊற்றியது அப்படியே எதிர்த்து வந்தது. உணவை நிறுத்தினோம். “பட்டினி போட்டுச் சாகடிச்சோம்னு ஊர் பேசும் சிஸ்டர், குளுக்கோசாவது ஏத்துங்க” என்றார் மகள். நியாயமான பயம். உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் தானாகவே அடங்குகின்றன, ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சைத்தான் சிரமப்படுத்தும், வறட்சி தெரிவது வாயில்தான், அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரக் காஸால் உதட்டை நனைத்து வாஸலின் தடவ மகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததும் அந்தப் பெண்ணின் கேள்விகள் குறைந்தன.

குழாய் வழியாகக் கொடுக்க முடியாததால் மார்ஃபின் தோலுக்கடியில் போகும் ஊசியாக மாறியது. வாய்வழி 24 மணி நேரத்துக்கு 60 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. தோலுக்கடியில் அதில் பாதி போதும், ஆக நாலு மணி நேரத்துக்கு 5 மில்லிகிராம். மேல்கையில் ஒரு பட்டர்ஃப்ளை ஊசியைக் குத்தி ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் குத்த வேண்டியதில்லை.

மாலை அவருடைய அக்கா வந்தார், தூக்கில் பாலோடு. உறவினர்கள் ஒவ்வொருவராக வாயில் பால் விட வேண்டும். வார்டில் இதை நாங்கள் எப்போதும் தடுப்போம், மூச்சுக்குழாயில் போய்விடும் என்று. மருத்துவமாக அது சரி. ஆனால் தடுத்த வீடுகளில், கடைசிப் பால்கூட விடவில்லை என்ற குறை எத்தனை வருடம் பேசப்படுகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். பாலை வாங்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, காஸை நனைத்துப் பிழிந்து அக்கா கையில் கொடுத்தேன். “உதட்டுல வைங்கம்மா, உள்ள விட வேணாம்.” வைத்தார். அடுத்து மனைவி, மகள், பேத்தி. மகன் பேரைச் சொல்லி ஒரு முறை மகளே வைத்தாள்.

ஜூன் 17, விடியற்காலை

இரவு பன்னிரண்டுக்கு முழங்காலில் நீலம் திட்டுத்திட்டாகப் படர்ந்தது. பாதம் சில்லென்றிருந்தது. மூச்சில் இடைவெளி விழுந்தது, அப்புறம் வேகமாக நாலைந்து, மீண்டும் இடைவெளி. தொண்டையில் கொரகொரவென்று சத்தம். மனைவி “இழுக்குதே” என்று அழுதார். சக்‌ஷன் போடவில்லை. சளியை உறிஞ்சும் அந்தக் குழாய் தரும் வேதனைதான் அதிகம், சளியும் திரும்ப வரும். இடது பக்கமாகத் திருப்பி, தலையை உயர்த்தி, சளி ஊறுவதைக் குறைக்கும் பஸ்கோபான் ஊசி தோலுக்கடியில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் சத்தம் தணிந்தது. இந்தச் சத்தம் கேட்பவருக்குத்தான் கொடுமை, அவர் அந்த நிலையைக் கடந்துவிட்டார் என்று மனைவியிடம் சொன்னாள் அன்று டியூட்டியில் இருந்த இளைய நர்ஸ். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு.

அதிகாலை 4.40க்கு மூச்சு நின்றது. டியூட்டி டாக்டர் முன்பக்கத்தைப் பார்த்தார், கட்டிலுக்கு வந்து ஸ்டெத் வைத்தார், நேரத்தைச் சொன்னார். யாரும் ஓடவில்லை.

புண்ணைச் சுத்தமாகக் கட்டி, முகம் தெரிகிற மாதிரி துடைத்து விட்டார்கள். தலைவாரியது மனைவி. கயிற்றை அவிழ்க்கவா என்று வார்டு ஆயா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு

மகனுக்குச் செல்போன் எடுக்கவில்லை. கடலில் சிக்னல் இருக்காது. துறைமுகத்திலிருந்து ஒயர்லெஸ்ஸில் ஒரு படகு மாற்றி ஒரு படகாகத் தகவல் போய், வேறொரு படகில் ஏறி அவர் கரை வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் தேதி மத்தியானம். அதுவரை உடல் எங்கள் சவக்கிடங்கில் இருந்தது. 155377க்கு அழைத்து இலவச அமரர் ஊர்தியில் கொண்டுபோனார்கள். சந்து முனையில் பந்தல் போட்டு இரண்டு மணி நேரம் வைக்க ஓனரம்மா ஒத்துக்கொண்டாராம்.

ஒன்றரை மாதம் கழித்து இறப்புச் சான்றிதழ் தொடர்பாக மகன் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். கோபமாக இல்லை. “சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி படிக்கட்டுல கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“நாள்கணக்குன்னு தெரியும் தம்பி” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இன்று செய்வதானால்

வலி மருந்து நன்றாகவே வேலை செய்தது. அதைத் தொடங்க மூன்று நாள் தாமதித்தோம் என்பதுதான் குறை. ‘எஸ்ஓஎஸ்’ என்று மட்டும் எழுதப்பட்ட வலிமருந்தைப் புற்றுநோயாளியின் சார்ட்டில் பார்த்தால் இப்போது எங்கள் நர்ஸ்கள் அன்றைக்கே டாக்டரைக் கேட்கிறார்கள். “வலி இருக்கா?” என்பதோடு, ராத்திரி எத்தனை மணிக்கு முழித்தீர்கள், எப்படிப் படுத்தால் தேவலை என்ற இரண்டு கேள்விகளும் ரிப்போர்ட்டில் எழுதப்படுகின்றன. மார்ஃபினைப் பற்றிப் பேசும்போது ‘போதை’ என்ற சொல் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மெட்ரோனிடசோல் பொடி முதல் கட்டிலேயே போகிறது.

ஆயுளைப் பற்றிய பேச்சுதான் கடினமாக இருக்கிறது. சீஃப் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். இப்படிப்பட்ட நோயாளி சேர்ந்தால் மணிக்கணக்கா, நாள்கணக்கா, வாரக்கணக்கா என்று டாக்டரும் நர்ஸும் சேர்ந்து தினம் கேஸ் ஷீட்டில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். அது மாறிய அன்றே குடும்பத்திடம் சொல்ல வேண்டும், சொல்வது யாராக இருந்தாலும் சரி. கூடவே, வெளியூர் போக வேண்டியவர் யார், வர வேண்டியவர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுப்போகிறது. இரண்டு முறை எங்கள் கணிப்பு தவறி, நாள்கணக்கு என்று சொன்னவர்கள் இரண்டு வாரம் இருந்தார்கள். ஒரு குடும்பம் அதற்காக எங்களைத் திட்டியது. திட்டட்டும் என்று விட்டோம்.

பெண் அட்டெண்டர் இரவு தங்கும் விஷயம் இன்னும் ஹெட் நர்ஸின் சொந்தப் பொறுப்பில்தான் ஓடுகிறது. எழுத்தில் இல்லை. அவர் லீவில் போனால் பழைய விதி வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் அந்த நிலையில் இருந்தால் யாருக்கு ஸ்கிரீன் என்ற கேள்வியும் வருகிறது. இன்னொன்று கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் வரவில்லை. மெரூன் துண்டுகள் நாலையும் மகள் வார்டுக்கே கொடுத்துவிட்டார். துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறோம்.